ஆறு மணிக்கு முந்திய நுவரெலியா: மலைநாட்டில் அதிகாலைச் சைக்கிள் சவாரிக்கு ஒரு முழு வழிகாட்டி

"மலையில சைக்கிளா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே எங்கள் பக்கத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி. மட்டக்களப்பிலும் அப்படித்தான். மலையகத்தில் சைக்கிளோடு போகிறவரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும், ஏனென்றால் பாதி நேரம் அவர் சைக்கிளில் போக மாட்டார், சைக்கிள்தான் அவரோடு போகும்.

நானும் சிரித்தவள்தான். 2022இல் பெற்றோல் வரிசைகள் மூன்று நாள், நான்கு நாள் என்று நீண்டபோது பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் பழைய லுமாலா சைக்கிள் ஒன்றை வாங்கினேன். வரிசைகள் போய்விட்டன, சைக்கிள் மட்டும் நின்றுவிட்டது. இப்போது வேலைக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். காலையில் ஒரு மணிநேரம் டவுனைச் சுற்றி வர மட்டும் அதை எடுக்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊரில் சைக்கிள் ஓட்டுவதற்கு வலிமையான கால் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கால் எப்படியும் பழகிவிடும். இறங்கித் தள்ளும்போது வெட்கப்படாத முகம்தான் வேண்டும். அது உங்களிடம் இருந்தால் மிச்சத்தை நான் சொல்லித் தருகிறேன்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

நம் நாட்டில் சூரியன் எழும் நேரம் வருடம் முழுக்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆடும். மே மாதக் கடைசியில் 5.50 அளவில் எழும்பும், ஜனவரிக் கடைசியில் 6.25 அளவில். அதற்கு இருபது நிமிடம் முன்பே ரோட்டில் உள்ள குழி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். அந்த இருபது நிமிடத்தின் தொடக்கத்தில் நீங்கள் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் போவதை நான் ஆதரிக்க மாட்டேன், காரணம் பின்னால் வருகிறது.

பள்ளிக்கூட வேன்கள் ஆறரைக்கு ஓடத் தொடங்கும். ஏழு மணிக்கு டவுன் உங்களுடையதாக இருக்காது. ஆக உங்கள் கையில் இருப்பது ஒரு மணிநேரம், கொஞ்சம் கூடலாம். சூரியன் எழுந்தாலும் மலை மறைப்பதால் டவுனுக்குள் வெயில் விழ இன்னும் நேரமாகும். வெளிச்சம் வந்து வெயில் வராத அந்த இடைவேளைதான் சவாரியின் ருசி.

ஜனவரி தொடக்கம் மார்ச் வரை நல்ல மாதங்கள். குளிர் கடுமையாக இருக்கும், வானம் துப்புரவாக இருக்கும். சில நாட்களில் துகள் பனி விழுந்து புல்தரை வெள்ளையாகக் கிடக்கும். அன்றைக்குப் புல்லைப் பார்த்து ரசித்துவிட்டு ரோட்டில் மெதுவாகப் போங்கள், நிழல் விழும் முடக்குகளில் வழுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை, தூறல் விட்டு விட்டுப் பெய்யும். ஒக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் இடியோடு வரும், காலை வெளித்திருக்கும். ஆனால் இரவு கொட்டித் தீர்த்திருந்தால் மறுநாள் காலையில் மேட்டுப் பாதைகளுக்குப் போகாதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று வானொலியில் கேட்டுவிட்டுப் படியிறங்குங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போன பிறகு இதை யாருக்கும் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் மாதத்தை மறந்துவிடுங்கள். வசந்த காலச் சீசன் என்று கொழும்பே இங்கே ஏறி வந்துவிடும்.

சைக்கிளைத் தயார் செய்தல்

புதுச் சைக்கிள் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உள்ளதைச் சரிப்படுத்துங்கள். மூன்று விடயம்தான் முக்கியம், அதில் முதலாவது பிரேக், இரண்டாவதும் பிரேக்.

கீழ்நாட்டுச் சைக்கிள்காரர் பிரேக் கட்டையை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார். இங்கே இரண்டு மாதத்தில் தேய்ந்துவிடும். ஈர ரோட்டில் ரிம்மில் ஒட்டும் மணல் அரத்தைப் போல அதை அராவும். கட்டையில் இருக்கும் கோடுகள் மறைந்துவிட்டால் அன்றே மாற்றுங்கள். நான் முதல் வருடம் மாற்றவில்லை. ஒரு இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் போய், கடைசியில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு தேயிலைச் செடி. தேயிலை இந்த நாட்டுக்கு எவ்வளவோ செய்திருக்கிறது, எனக்கும் அன்றைக்கு ஒன்று செய்தது. சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனபோது கடைக்கார அண்ணன் கட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "தங்கச்சி, இதுல ரப்பர் எங்க இருக்குன்னு காட்டுங்க பார்ப்பம்" என்றார். வெறும் இரும்புத் தகடு.

பிரேக் கம்பியையும் பாருங்கள். லீவர் அருகில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்றிவிடுங்கள். லீவரை முழுக்க அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

மூன்றாவது கியர். கியர் சைக்கிள் என்றால் முன்னால் மிகச் சின்ன பல்சக்கரமும் பின்னால் மிகப் பெரியதும் சேரும்போது செயின் உராயாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நீங்கள் பாதி நேரம் அதில்தான் இருக்கப்போகிறீர்கள். என்னுடையதைப் போல ஒற்றைக் கியர் என்றால் ஒரு வழி இருக்கிறது. பின்சக்கரத்து ஃப்ரீவீலில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 18 என்றால் 22 பல் உள்ள ஃப்ரீவீலைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். மிதிக்கும் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமதரையில் வேகம் போகாது. சமதரை இங்கே எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

சீட்டின் உயரத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, முழங்கால் வலி வந்த பிறகுதான் கேட்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும்.

முன்னுக்கு வெள்ளை லைட், பின்னுக்குச் சிவப்பு லைட், ஒரு பெல். மட்காட் இல்லாத சைக்கிள் பார்க்க அழகு, ஆனால் ஈர ரோட்டில் முதுகு நெடுகச் சேற்றுக் கோடு விழும். பையில் ஒட்டுத்துண்டு, சொலுஷன், சின்னப் பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு. நெம்புகோல் இல்லாவிட்டால் இரண்டு கரண்டிக் காம்பு போதும்.

உடுப்பும் வயிறும்

குளிருக்கு நடுங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வாசலில் நிற்கும்போது கதகதப்பாக இருந்தால், முதல் ஏத்தத்திலேயே வியர்த்து உள்ளுடுப்பு நனைந்துவிடும். பிறகு இறக்கத்தில் காற்று அந்த ஈரத்தின் மேல் அடிக்கும்போது பல் கிட்டும். ஆகவே மெல்லிய உடுப்பு இரண்டு, அதன் மேல் கழற்றி இடுப்பில் கட்டக்கூடிய ஒரு ஜக்கெட். இறக்கத்துக்கு முன் பழைய பேப்பர் ஒன்றை மடித்து நெஞ்சுக்கும் ஜக்கெட்டுக்கும் நடுவே செருகிக்கொள்ளுங்கள். காற்றை அது மறிப்பதைப் போல விலை கூடிய உடுப்புகூட மறிப்பதில்லை. கையுறை கட்டாயம், விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

பெண்களுக்கு ஒன்று. தோளில் போடும் சோலை (சால்வையை) வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், அல்லது குறுக்காகக் கட்டி முடிச்சுப் போடுங்கள். காற்சட்டையின் வலது காலை ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். செயினில் சோல் சிக்கி விழுந்த கதை எனக்குத் தெரிந்தவர்களில் மூன்று பேருக்கு இருக்கிறது.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள், நிரப்பியும் போகாதீர்கள். ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் சூடான சாயத்தண்ணியும் போதும். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவர் என்றால் முதல் நாள் சைக்கிளைத் தொட வேண்டாம். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். படி ஏறினாலே மூச்சு வாங்கும். இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் குளிர்காற்று நெஞ்சைப் பிடிக்காது.

முதல் வாரம்: ஏரிக்கரை

கிரகரி ஏரியை விட்டு முதல் வாரம் எங்கும் போகாதீர்கள். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் சதுப்பு நிலத்தை மறித்துக் கட்டிய ஏரி இது. மலைநாட்டில் சைக்கிளுக்கு இவ்வளவு சமதரை தரும் இடம் அரிது. காலையில் தண்ணீருக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் ஆவி நிற்கும். படகுகள் கட்டிக் கிடக்கும். பகலில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகள் அந்த நேரத்தில் யாருக்கும் சொந்தமில்லாதவை போலப் புல் மேய்ந்துகொண்டு நிற்கும். அவற்றின் பின்பக்கமாகப் போகாதீர்கள், பெல்லும் அடிக்காதீர்கள். முன்னால் வந்து தெரியும்படி மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டிய பயிற்சி இதுதான். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகப் பழகுங்கள், அப்போதுதான் மறு கையால் சைகை காட்ட முடியும். வேகம் குறைக்காமல் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். ஈர ரிம்மில் பிரேக் எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்கிறது என்று ஆளில்லாத இடத்தில் சோதியுங்கள். முதல் ஓரிரண்டு சுற்றுக்கு ஒன்றுமே பிடிக்காது, பிறகு சடாரென்று பிடிக்கும். இது உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம்: டவுன்

எனக்கு மிகப் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீட்டுவேன்.

பதுளை வீதியால் டவுனுக்குள் நுழையும்போது 1894ஆம் ஆண்டின் செங்கல் தபால் கந்தோர் பனிமூட்டத்தில் கூர்க்கோபுரம் மட்டும் தெரிய நிற்கும். பகலில் அதன் முன்னால் படம் எடுக்க வரிசை. இப்போது படிக்கட்டில் ஒரு நாய் மட்டும். பக்கத்தில் விக்டோரியா பூங்கா, விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக 1897இல் வந்தது. கேட் இன்னும் திறந்திருக்காது, பரவாயில்லை. வேலியோரம் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி உள்ளே புதரடியில் இருக்கும். விசில் அடிப்பது போல இரண்டு சுரம், இரண்டாவது நீண்டு இறங்கும். தமிழில் அதற்குப் பெயர் வைத்தவர் மணிக்கூடு பார்த்து வைத்திருக்க வேண்டும். உலகத்தின் பல பக்கத்திலிருந்தும் பறவை பார்க்கிறவர்கள் இந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்தக் குருவி இங்கே வருவதே தெரியாது.

பஸ் ஸ்டான்ட் பக்கம் திரும்பினால் வேறு உலகம். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸின் எஞ்சின் சூடாக்கும் சத்தம், பள்ளிவாசல் பக்கமிருந்து வீடு திரும்பும் தொப்பிக்காரர்கள், எங்கோ ஒலிபெருக்கியில் பௌத்தர்களின் பிரித் ஓதல், கோயில் மணி. தேத்தண்ணிக் கடைகளில் முதல் வடைச்சட்டி ஏறியிருக்கும். நிற்காமல் போக முடிந்தால் நீங்கள் என்னைவிடத் திடமானவர்.

மரக்கறி லொறிகள்தான் இந்த நேரத்தின் ராஜாக்கள். லீக்ஸ், கோவா, கரட், பீட்ரூட் என்று தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகும் மூட்டைகள். டவுனுக்கு வெளியே தோட்டப் பக்கங்களில் கரட் கழுவும் தொட்டிகள் இருக்கின்றன. நாம் ஜக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு நடுங்குகிறோம். அங்கே முழங்கால் வரை பனித்தண்ணீரில் நின்று காலால் உழக்கிக் கரட் கழுவிக்கொண்டிருப்பார்கள். கழுவிய கரட்டின் நிறம் அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் தீக்கங்கு போல இருக்கும். படம் எடுக்கக் கை வரும். எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், "எடுக்கவா அண்ணே?" என்று. பெரும்பாலும் எடுக்கச் சொல்வார்கள், ஒரு கரட்டையும் நீட்டுவார்கள். எனக்குப் பகல் நுவரெலியாவைவிட இந்த நுவரெலியாவில்தான் ஆட்களைத் தெரியும்.

தூரத்தில் ஒரு இசை கேட்கும், எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, ஆட்டோவின் ஒலிபெருக்கியில் கீச்சுக்குரலில். சூன் பாண், அதாவது ஆட்டோவில் வரும் பேக்கரி. மீன் வைத்த மாலு பாணும் சீனி தூவிய கிம்புலா பனிசும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். சைக்கிளில் போகிறவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. ஆட்டோவைத் துரத்திப் பிடிக்கலாம்.

டவுனுக்குள் ஓட்டும்போது இடது ஓரத்தில் போங்கள், ஆனால் கானுக்கு (வடிகாலுக்கு) ஒட்டிப் போகாதீர்கள். ஒரு கை நீளம் விட்டுப் போங்கள். ஓரத்தில்தான் உடைந்த மூடியும் அழுகிய கோவா இலையும் கிடக்கும். கோவா இலையில் வழுக்கினால் வாழைப்பழத் தோல் பிச்சை எடுக்க வேண்டும்.

மூன்றாம் வாரம்: ஏத்தம்

ஒரே ஒரு விதி. போகும்போது ஏத்தம், திரும்பும்போது இறக்கம். களைத்த கால் வீட்டுக்கு வரும் வழியில் மேடு இருக்கக்கூடாது. இந்த விதிக்கு ஏற்றது கந்தப்பளை வீதி. ஹாவாஎலிய பக்கமாகப் போனால் பீட்று தோட்டம் வரும். டவுனிலிருந்து நான்கு கிலோமீற்றருக்கு உள்ளேதான். முதல் தடவைக்கு அதுவே போதும்.

ஏத்தம் தொடங்குவதற்கு முன்பே இலேசான கியருக்கு மாற்றிவிடுங்கள். நடு ஏத்தத்தில் மாற்றினால் செயின் கடமுடவென்று துள்ளி விழும். உட்கார்ந்தே மிதியுங்கள், எழுந்து நின்று மிதித்தால் ஐம்பது அடியில் மூச்சு முடிந்துவிடும். ஒற்றைக் கியர்க்காரர் மட்டும் எழும்பலாம், அவருக்கு வேறு வழியில்லை. பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். "இந்த முடக்கு மட்டும்" என்று நெஞ்சு வெடிக்க மிதிப்பதுதான் எல்லாருக்கும் வரும் வியாதி. அந்த முடக்குக்குப் பின்னால் இன்னொரு முடக்கு இருக்கும். மலைநாட்டில் பிறந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

மூச்சு முட்டினால் இறங்குங்கள். சைக்கிளின் இடது பக்கமாக நின்று, வலது கை சீட்டில், இடது கை ஹேண்டிலில், உடம்பைச் சற்று முன்னால் சாய்த்துத் தள்ளுங்கள். ஹேண்டிலை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் இடுப்பு போகும். தள்ளிக்கொண்டு நடப்பதும் சவாரியில் ஒரு பகுதிதான். உண்மையில் பார்க்க வேண்டியதையெல்லாம் அப்போதுதான் பார்க்கிறோம். கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சிக் குச்சியாக நிற்கும் செடிகள், அதற்குப் பக்கத்து மலையில் கண் கூசும் பச்சைக் கொழுந்து, நடுவே லயத்துக் கூரைகளிலிருந்து எழும்பும் அடுப்புப் புகை. ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஓடுகிற நாளென்றால் வாடிய கொழுந்தின் வாசம் வளைவைத் தாண்டி வரும். அந்த வாசத்தை மோட்டார் சைக்கிளில் போகிறவன் பிடிக்கவே மாட்டான்.

ஏழு மணி நெருங்கும்போது அக்காமார் மலைக்குப் போகத் தொடங்குவார்கள். இடுப்பில் படங்குச் சீலையைச் சுற்றிக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டி, கூட்டமாக. நான் தள்ளிக்கொண்டு போன முதல் நாள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "என்னா டீச்சர், நீங்க சைக்கிள ஓட்டுறீங்களா, சைக்கிள் உங்கள ஓட்டுதா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப் போய், அடுத்த இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் வாரம் போனபோது அதே அக்கா, "ரெண்டு வாரமா காணமே, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். வெட்கம் அன்றைக்கு விட்டுப் போனது. இப்போது நானே முந்திக்கொள்கிறேன், "இன்னைக்கும் தள்ளுதான் அக்கா" என்று.

இறக்கம்

ஏத்தத்தில் விழுந்தவர் யாரும் இல்லை. விழுவதெல்லாம் இறக்கத்தில்தான், அதனால் இதைக் கவனமாக வாசியுங்கள்.

முடக்குக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். முடக்கின் நடுவில் பிரேக் பிடித்தால் ஈர ரோட்டில் சக்கரம் பக்கவாட்டில் நழுவும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். நிறுத்தும் வலு முன் பிரேக்கில்தான் அதிகம், ஆனால் அதைத் தனியாக இறுக்கிப் பிடித்தால் தலைக்கு மேலாகத் தூக்கி எறியும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டி இழுபடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். இடையில் நிறுத்தி, ரிம்மைத் தொடாமல் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஐந்து நிமிடம் காட்சி பாருங்கள்.

கண்ணை முன்சக்கரத்தில் வைக்காதீர்கள், முடக்கின் முடிவில் வையுங்கள். உடம்பு கண் போகும் பக்கம் போகும். உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும். குருட்டு முடக்கில் பெல் அடியுங்கள், பஸ் ஹோர்ன் கேட்டால் நின்றே விடுங்கள். மலைநாட்டு பஸ் முடக்கில் முழு ரோட்டையும் எடுக்கும். அதைச் சாரதியின் திமிர் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், அந்த நீளத்துக்கு வேறு வழியில்லை.

எந்த இறக்கத்துக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது? நானுஓயா ரயில் நிலையத்துக்கு இறங்கும் வீதி ஆசை காட்டும். பழைய நாளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரைக்கும் குறுகிய தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியது, 1940களில் நின்றுபோனது. அது இருந்திருந்தால் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே வந்திருக்கலாம் என்று நான் அடிக்கடி பெருமூச்சு விடுவதுண்டு. இல்லாதபடியால் புதியவர்கள் அந்தப் பக்கம் வேண்டாம். வாகனமும் பனிமூட்டமும் ஒன்றாக இருக்கும். ரதல்ல குறுக்கு வீதியில் சைக்கிளோடு இறங்கவே கூடாது. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் உயிர்விட்ட செங்குத்து அது.

ஹக்கலைப் பக்கம் என் விதியை மீறுகிறது: போகும்போது இறக்கம், வரும்போது ஏத்தம். ஆனால் சீதா எலியாவில் அருவி ஓசையோடு சீதையம்மன் கோயில் இருக்கிறது, அதற்கப்பால் 1861இல் சிங்கோனா நட்டுத் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை விதியை மீறுவேன். திரும்பி வரக் காலில் தெம்பு இல்லாவிட்டால் வெறுமையாக டவுனுக்குத் திரும்பும் பட்டா லொறி ஏதாவது வரும், கை காட்டினால் சைக்கிளையும் ஆளையும் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். காசு கேட்க மாட்டார்கள், தேத்தண்ணிக்கு என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். கோயில் பக்கத்துக் குரங்குகளுக்குப் பையைக் காட்டாதீர்கள்.

மூடுபனி, நாய், சிறுத்தை

மூட்டம் இறங்கினால் முன் லைட்டை ரோட்டைப் பார்த்துத் தாழ்த்துங்கள். நேராகப் பிடித்தால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். பத்து மீற்றருக்கு மேல் தெரியாவிட்டால் ரோட்டை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். மலை மூட்டம் வந்த வேகத்திலேயே போகவும் கூடும்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்துக்கொண்டு நடங்கள். பத்தில் ஒன்பது நாய் அத்தோடு அக்கறை விட்டுவிடும். பத்தாவது கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கிற வேலை வேண்டாம்.

விடியுமுன் கிளம்ப வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? பீதுருதலாகலைக் காட்டிலும் ஹக்கலைக் காட்டிலும் சிறுத்தை உண்டு, தேயிலை மலைக்குள்ளும் வரும். மனிதரைக் கண்டால் ஒதுங்கும் பிராணிதான். இருந்தாலும் இருட்டில் சத்தமில்லாமல் வரும் சைக்கிள் அதைத் திடுக்கிட வைக்கக்கூடாது. காட்டோரப் பாதைக்கு வெளிச்சம் வந்த பிறகு போங்கள், பெல்லை அடித்துக்கொண்டு.

மற்ற ஊர்க்காரர்களுக்கு

கண்டியில் இருப்பவருக்கு ஏரிச்சுற்று இருக்கிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டிய குளம், சமதரை, மர நிழல். ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அது வாகனங்களின் ஏரி. ஹட்டன் டவுனுக்குள் சமதரை என்று ஒன்று கிடையாது, ஆனால் நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் பாதைக்கு ஈடு சொல்ல என்னிடம் வேறு ரோடு இல்லை. டிசம்பர் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அப்போது இரவிரவாக பஸ் ஓடும், தூங்காத சாரதிகள் காலையில் திரும்பி வருவார்கள். அந்த மாதங்களில் சனி, ஞாயிறை விட்டுவிடுங்கள். பண்டாரவளைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், குளிரும் குறைவு, வானமும் வெளி.

வீடு வந்த பிறகு

ஈர உடுப்பை முதலில் மாற்றுங்கள், சைக்கிள் பிறகு. இரண்டு ரொட்டி, கட்டச்சம்பல், இஞ்சி போட்ட பிளேன்டீ. சூன் பாண் வாங்கியிருந்தால் வீட்டில் யாரும் எழும்புவதற்கு முன் கிம்புலா பனிசில் பெரியதை எடுத்துவிடுங்கள், துரத்திப் பிடித்தவருக்கு அந்த உரிமை உண்டு.

பிறகு பழந்துணியால் ரிம்மைத் துடைத்து, பிரேக் கட்டையில் செருகியிருக்கும் மணலை ஊசி நுனியால் எடுத்துவிடுங்கள். செயினை உலர்த்தி, இணைப்புக்கு ஒரு துளி எண்ணெய், பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் ஒரு வாரம் விட்டாலே செயின் துருப் பிடித்துச் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், குளிரில் உறைந்துவிடும். நான் போட்டேன். மறுநாள் காலையில் செயின் ஐஸ் பழக்குச்சி மாதிரி வெள்ளையாக இருந்தது, வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.